விண்டோஸ் 11-க்கு மாறும் முன் உங்களுக்கு என்ன நடந்தது?

திண்டுக்கல்காரன்:
விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் வீட்டு லேப்டாப்பை மாற்ற உட்கார்ந்தேன். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம், செக்யூர் பூட் எல்லாம் சரியாக இருந்தது. முதலில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தேன், ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேட்கிறது, 48 இலக்கம்! வீட்டில் யாரும் என்கிரிப்ஷனைத் தொட்டதே இல்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே தானாக ஆன் ஆகியிருக்கிறது. கீ சேமிப்பாகியிருந்ததும் அந்தக் கணக்கில்தான். கணக்கு அக்காவுடையது, அவள் மஸ்கட்டில். ராத்திரி போன் போட்டு எழுப்பி, அவள் ஆறாறு இலக்கமாகப் படிக்க, அப்பா திருப்பிச் சொல்ல, நான் தட்ட, எட்டாவது கட்டம் முடியும்வரை அப்பா மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை. அம்மாவின் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. திறந்துவிட்டது. அவள் போன் எடுக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

மலர்விழி:
எங்களுக்கு வேறு கதை. கடையில் கொடுத்தோம், ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தந்தார்கள். ஃபைல் எல்லாம் பத்திரம். மாமனார் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்திருந்த குலதெய்வக் கோயில் வரலாற்றைத் திறந்தால் 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுத்துரு மட்டும்தான் போயிருந்தது, பாமினியைத் திரும்பப் போட்டதும் வந்துவிட்டது. பழைய எழுத்துருக்களை முதலிலேயே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

பழைய கீபோர்டு:
திண்டுக்கல் தம்பி, பயாஸைத் தொடவே கூடாதோ என்று ஆளுக்கு ஆள் பயந்துவிடப் போகிறார்கள். பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு (தற்காலிகமாக நிறுத்திவிட்டு) அப்டேட் செய்தால் கீ கேட்காது. என் டெஸ்க்டாப்பில் பூட் ஆகும் முறையைப் பழைய லெகசியிலிருந்து புதிய யூஇஎஃப்ஐ-க்கு மாற்றியதும் பூட்டே ஆகவில்லை, திரும்ப லெகசி வைத்து, டிஸ்க் பிரிவு அமைப்பை எம்பிஆர் என்ற பழைய முறையிலிருந்து யூஇஎஃப்ஐ-க்கு ஏற்ற ஜிபிடிக்கு மாற்றிய பிறகுதான் சரியானது, அவ்வளவுதான் என் கதை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போடுங்கள், இல்லாவிட்டால் 11 நகரவே நகராது. போட்டோக்களை வெளி டிரைவில் காப்பி செய்து அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம், பிடிக்காவிட்டால் 10-க்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம், பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டர் தானாக அழிந்துவிடும்.

திண்டுக்கல்காரன்:
அண்ணா, சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்பது பிட்லாக்கர் ஆனில் இருப்பது தெரிந்தவருக்குத்தானே? எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். பயாஸைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கீயைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடுங்கள் என்கிறேன். எங்கள் கீ இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது.