புதுப்பிப்பு: பழைய கம்பெனியின் டைரக்ட் டெபிட் என்ன ஆயிற்று?

பிரிட்டனில் கரண்ட், கேஸ் கம்பெனியை மாற்றுகிறேன், பழைய டைரக்ட் டெபிட்டை (நம் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியே பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி) உடனே ரத்து செய்யலாமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் வெட்டிவிடு என்றீர்கள், மீதிப் பேர் பொறு என்றீர்கள். பொறுத்தேன், நல்லதாயிற்று.

இறுதி பில் ஊகக் கணக்கில் வந்தது. நல்லவேளை, மாறிய அன்றே மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்து கேஸ் மீட்டரைப் படம் எடுத்திருந்தேன். (சிவப்பு எண்களைச் சேர்க்காதீர்கள், கறுப்பு மட்டும்தான்.) தொடக்க ரீடிங்கை, அதாவது மாறிய நாளின் மீட்டர் எண்ணை, பழைய கம்பெனிக்கு அனுப்புவது புதிய கம்பெனிதான். அதனால் அவர்களிடமே படத்தைக் கொடுத்தேன், பில் திருந்தியது.

இடையில் பழையவர்கள் ஒரு தவணை எடுத்துக்கொண்டார்கள். எரிச்சல்தான், ஆனால் அதுவும் அவர்களிடம் உள்ள என் கணக்கின் இருப்பில்தான் சேர்ந்தது. தவறாக எடுத்தால் டைரக்ட் டெபிட் உத்தரவாதப்படி வங்கியே திருப்பித் தரும்.

விதி இதுதான்: மாறிய 6 வாரத்துக்குள் இறுதி பில், அதிலிருந்து 10 வேலை நாளில் மிச்சப் பணம். தவறினால் இழப்பீடு உண்டு. எனக்குப் பணம் அதே வங்கிக் கணக்குக்கு வந்தது. அப்புறம்தான் வங்கி ஆப்பில் ரத்து செய்தேன்.

இப்போது புதியவர்கள் கேட்கும் மாதத் தொகை கொஞ்சம் கூடுதல். பழைய பில்லில் உள்ள ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம்.