இழை: மணிக்கல் இயலில் ‘பிரில்லியன்ஸ்’ – ‘ஒளிர்வு’ போதுமா?

வணக்கம்.

நம் சொற்பட்டியலில் பிரில்லியன்ஸுக்கு நேராக ‘ஒளிர்வு, மேதைமை’ என்று இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. மேதைமையைத் தனிப் பதிவாக்கிவிடலாம். ஆளைப் புகழும்போது தமிழ் பெரும்பாலும் கூர்மையைத்தான் நாடுகிறது: கூர்மதி, மதிநுட்பம், நுண்ணறிவு. சட்டெனப் பிடித்துக்கொள்வதும் பிறர் காணாததைக் காண்பதும் அங்கே பொருள். கல்லுக்கு அப்படியில்லை. மேலே புகுந்த வெள்ளொளி அடிப்பட்டைகளில் பட்டு, மேல்வழியாகவே திரும்பிக் கண்ணுக்கு வந்து சேர்வதைத்தான் குறிக்கிறோம். இதற்கு ‘ஒளிர்வு’ பொருந்துமா?

மறுமொழி 1

> இதற்கு ‘ஒளிர்வு’ பொருந்துமா?

பொருந்தாது. வேறோர் ஆற்றலை வாங்கிக்கொண்டு பொருள் தானே ஒளி உமிழ்வதற்கு ஒளிர்வு, உடனொளிர்வு என்பவை முன்பே புழக்கத்தில் உள்ளன. வைரங்கள் சில புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும். தரச் சான்றிதழில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. ஒரே தாளில் ஒரே சொல் இரு பண்புகளுக்கு நின்றால் படிப்பவர் தடுமாறுவார்.

‘பளபளப்பு’, ‘மிளிர்வு’ இரண்டும் மேற்பரப்புக்கு உரியவை. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. நேர்க்குத்தாக விழும் ஒளியில் சுமார் 17 விழுக்காடு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். சாதாரணக் கண்ணாடியில் 4 விழுக்காடுதான். இது மெருகின் வேலை. நாம் பெயர் தேடுவது உள்ளே போய் மீள்வதற்கு.

இரண்டும் வேறு என்பதை எளிதில் சோதிக்கலாம். கல்லின் அடிப்பக்கத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு படியட்டும். மேல்தளத்தின் பளபளப்பு அப்படியே இருக்கும், கல் மட்டும் மங்கும். உள்ளிருந்து வரும் கதிர் எந்தக் கோணத்துக்கு மேல் சாய்ந்து பட்டால் வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்புமோ, அதுவே மாறுநிலைக் கோணம். காற்றை ஒட்டிய வைரத்துக்கு அது 24.4 பாகை, எண்ணெய் ஒட்டினால் அது ஏறக்குறைய 38 பாகைக்கு உயர்கிறது. முழு அக எதிரொளிப்பில் திரும்பியிருக்க வேண்டிய கதிர்கள் பல அடிவழியே கசிந்துவிடும்.

என் பரிந்துரை: மீளொளி.

மறுமொழி 2

வணிகர் பேச்சில் ‘நீரோட்டம்’ இருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?

மறுமொழி 3

நீரோட்டம் அருமையான சொல். அகராதியில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்பவர் கல்லின் தெளிவையும் பளபளப்பையும் உள்ளொளியையும் ஒருசேர மதிப்பிடுகிறார். நமக்கு வேண்டியது அவற்றைப் பிரித்துச் சொல்லும் சொல்.

எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பதற்கு, வைரம்போலத் தோன்றும் செயற்கைக் கல்லான ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் நல்ல சான்று. அதன் ஒளிவிலகல் எண் 2.41, ஏறத்தாழ வைரத்துடையதே. வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறப்பிரிகையோ வைரத்துக்கு 0.044, இதற்கு 0.19. ஒரே அளவில் பட்டை தீட்டினால் வெள்ளொளி ஒத்துவரும். வண்ணத் தெறிப்பு மட்டும் கண்ணைப் பறிக்கும். ஆகவே ‘ஃபயர்’ என்பதற்கு நிறச்சுடர். ‘தீ’ என்று நேராக வைத்தால் வாக்கியத்தில் நிற்காது. கல்லோ விளக்கோ கண்ணோ அசையும்போது மாறிமாறித் தோன்றும் சின்டிலேஷனுக்கு மினுக்கம். விண்மீனுக்கும் அதையே சொல்கிறோம்.

மீளொளியை ஏற்கிறேன். ‘எதிரொளி’ என்று வைத்தால் ஒரு தளத்தில் பட்டுத் திரும்புவதோடு பொருள் நின்றுவிடும். வைரத்தில் ஒளி பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஒருபுறம் பட்டு, எதிர்ப்புறம் பட்டு, பிறகே மேலே வருகிறது. ‘மீள்’ அந்தப் பயணம் முழுவதையும் தாங்குகிறது.

மறுமொழி 4

அப்படியானால் ‘பிரில்லியண்ட் கட்’ என்பதை ‘மீளொளி வெட்டு’ ஆக்கிவிடாதீர்கள். அது வடிவத்தின் பெயர்: மேலே 33 பட்டை, கீழே 24, ஆக 57, அடிமுனையிலும் ஒன்று இட்டால் 58. எண்ணிக்கை சரியாக இருந்தும் மீளொளி இல்லாத கல் ஏராளம். வைர வெட்டின் அளவுகளை ஆராய்ந்த மார்சல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணித்தபடி, கல்லின் மேற்பாதியும் அடிப்பாதியும் சேரும் இடைவிளிம்பின் தளத்திலிருந்து மேற்பட்டை சாயும் மேற்கோணம் 34.5 பாகை, அடிப்பட்டை சாயும் அடிக்கோணம் 40.75 பாகை. அடிக்கோணம் மிகக் குறைந்தால் மேல்தளத்துக்குள் இடைவிளிம்பின் சாயல் சாம்பல் வளையமாகத் தெரியும். மிகக் கூடினால் கல்லின் நடுவே கறுக்கும். ‘மீளொளி வெட்டு’ என்ற பெயரில் அந்தக் கற்களையும் அழைக்க நேரும்.

வட்டக் கல்லுக்கு ‘58 பட்டை வட்டம்’ என்று எழுதலாம். நீள்வட்டம், துளி வடிவங்களில் பட்டை எண்ணிக்கை மாறுவதுண்டு. அவற்றுக்கு எண்ணை விட்டு வடிவத்தை மட்டும் சொல்வதே சரி.