வரிக்கான ரசீதுகளை டிஜிட்டலாக வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். தனியாளாகச் சிறு தொழில் செய்கிறேன். போன வாரம் பழைய ரசீதுக் கட்டைப் பிரித்தால், பாதித் தாள்களில் எழுத்தே இல்லை. தெர்மல் தாள் சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும் என்று தெரிந்தும் அலட்சியமாக இருந்துவிட்டேன். செய்த செலவு உண்மை, காட்ட ஆதாரம் இல்லை. மனசு ஆறவில்லை.

இப்போது ரசீது கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிடுகிறேன். கோப்பின் பெயரில் முதலில் வருடம், மாதம், நாள். அப்புறம் விற்றவர் பெயர், தொகை. தேதி வரிசை தானாக அமைந்துவிடுகிறது. ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று கிளவுடில்.

சிக்கல் வரவுசெலவு எழுதும் எக்ஸல் கோப்பில்தான். ஒரு தொகையை மாற்றிச் சேமித்துவிட்டால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் தடமே இல்லை. கணக்கு மென்பொருளுக்கு மாறலாமா? மாறியவர்கள் பழைய வருடங்களையும் ஏற்றினீர்களா, புது நிதியாண்டில் தொடங்கினீர்களா? சந்தாவை நிறுத்தினால் பதிவுகளை முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா? இதுதான் என் பெரிய கவலை, வரி அலுவலகம் சில வருடம் கழித்தும் கேட்கலாம் இல்லையா. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.