மறு: கலைச்சொல் – போலிச் சாதனமா, அருவச் சாதனமா?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் தொகுதியில் லினக்ஸின் "pseudo-device" என்பதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற உரையாடலில், அண்ணா கீழே எழுதியிருப்பதற்கு என் பதில் இது. நல் (/dev/null) எழுதியதை வீசிவிடும் சாதனக் கோப்பு, சீரோ (/dev/zero) பூச்சியங்களைத் தரும் சாதனக் கோப்பு. கருனி (kernel) என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி.

> நல், சீரோ போன்றவை உண்மையான சாதனங்களே அல்ல. கருனிக்குள் இருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆகவே "போலிச் சாதனம்" பொருத்தம்.

அண்ணா, பெயரையும் இடத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்தச் சின்னச் சாதனங்களுக்குக் கருனிக்குள் இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். கேட்டு வருகிற எல்லாவற்றுக்கும் அல்ல.

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் லினக்ஸ் வகுப்பில், சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் (/dev) அடைவை விரிவாகப் பட்டியலிடச் சொன்னால், கோப்பின் அளவு வரவேண்டிய இடத்தில் ஏன் இரண்டு இலக்கங்கள் நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்லுக்கு 1, 3. சீரோவுக்கு 1, 5. ஃபுல்லுக்கு (/dev/full) 1, 7. எழுமாற்று எண் தரும் ரேண்டத்துக்கு (/dev/random) 1, 8. முதல் இலக்கம் இயக்கியை, அதாவது சாதனத்தைக் கையாளும் நிரலை, காட்டும். அடுத்தது அந்த இயக்கியிடம் உள்ள சாதனத்தை. வட்டுக்கும் இதே முறைதான். இவற்றின் பின்னால் வன்பொருள் இல்லை, கருனியே பதில் சொல்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நல்லுக்கு எழுதும் செயற்கூற்றை மூலநிரலில் திறந்து பாருங்கள். எத்தனை பைட்டு கொடுத்தீர்களோ அந்த எண்ணிக்கையை அப்படியே திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. வாசிக்கப் போனால் பைட்டு எதுவும் வராது, எண்ணிக்கை பூச்சியம். கோப்பு முடிந்தது என்று பொருள். இதை வெளியே ஒரு தனி நிரலாக வைக்க முடியாதா என்றால், முடியும். ஹேர்ட் (Hurd) என்ற இயங்குதளத்தில் நல் கருனிக்கு வெளியே இயங்கும் நிரல்தான். மினிக்ஸ் 3 (Minix 3) இயங்குதளத்திலும், நல்லைக் கையாளும் நினைவக இயக்கி வெளியேதான் இருக்கிறது. ஆனால் அவை முடிந்தவரை வேலைகளைக் கருனிக்கு வெளியே வைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. லினக்ஸில் நல்லை மட்டும் வெளியேற்றினால், பைட்டுகளை வீசுவதற்கே ஒவ்வொரு முறையும் இன்னொரு செயன்முறைக்கு (ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரலுக்கு) போய்வரவேண்டும். அந்தச் செயன்முறை விழுந்துவிட்டால், நல்லை உள்ளீடாகவும் வெளியீடாகவும் பிடித்துக்கொண்டு பின்னணியில் ஓடும் சேவைகள் எல்லாம் சேர்ந்து தடுமாறும். சில வரி நிரலை மிச்சம்பிடிக்க இந்த விலை கொடுக்கக்கூடாது.

சீரோ இன்னும் ஒருபடி மேல். அதை நினைவகத்தில் பொருத்திக் கேட்டால், பூச்சியம் நிரப்பிய பக்கங்களைக் கருனிதான் ஒதுக்கித் தரவேண்டும். ரேண்டத்தை 1994இல் தியடோர் ட்சோ லினக்ஸுக்கு எழுதினார். வன்பொருள் குறுக்கீடுகள் (interrupts) வந்துசேரும் நேரத்தின் ஒழுங்கின்மையைத் திரட்டுவதே அதன் அடிப்படை. அந்த நேரங்களை நேரே பார்க்கக்கூடியது கருனிதான். 2014இல், 3.17ஆம் பதிப்பில், அந்தக் கோப்பைத் திறக்காமலே கேட்பதற்கு ஒரு முறைமை அழைப்பும் (நிரல் கருனியை நேரே கேட்கும் வழி) சேர்ந்தது. டெவ் அடைவே கண்ணில் படாதபடி அடைத்துவைத்த சிறைக்குள் ஓடும் நிரலுக்கும் இப்போது எழுமாற்று எண் கிடைக்கும்.

ஃபுல்லைப் பற்றித்தான் வாதிடலாம். எதை எழுதினாலும் "வட்டில் இடமில்லை" என்ற வழுவைத் தரும். தம் நிரல் அந்த வழுவைக் கவனிக்கிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அதனால் நான் அதன் பக்கம்.

எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால், ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும் குழாய் ஒன்றால் ஆகிற காரியம் கருனிக்குள் வரக்கூடாது. முடிவில்லாமல் ஒரே வரியைத் தர யெஸ் (yes) கட்டளை இருக்கிறது. பூச்சியத்துக்குப் பதில் வேறு பைட்டு வேண்டுமென்றால் சீரோவிலிருந்து வாசித்து மாற்றிக்கொள்ளலாம். உள்ளே வந்த எதுவும் நிரந்தரமும் அல்ல. கருனியின் நினைவகத்தையே திறந்துகாட்டிய கேமெம் (/dev/kmem) 2021இல், 5.13ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

இனிப் பெயர். "போலி" என்றால் நம் காதில் போலி நாணயத்தாளும் போலி வைத்தியரும்தான் விழும். நல் யாரையும் ஏமாற்றவில்லை. எழுதியதை வீசுவேன் என்று சொல்லி வீசுகிறது. சென்னை நண்பர் முன்வைத்த "பாவனைச் சாதனம்" பாசாங்கு என்ற பொருளில் அங்கே சரியாக இருக்கலாம். இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்று தினமும் எழுதுகிறோம். இங்கே அதை வாசிப்பவர் அன்றாடப் பாவனைக்கான பொருள் என்றே எடுத்துக்கொள்வார். "மெய்நிகர்" ஏற்கெனவே மெய்நிகர்ப் பொறிக்கு (virtual machine) போய்விட்டது.

ஆகவே "அருவச் சாதனம்". உருவம், அருவம் என்ற சோடி கோயில் வாசலில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். உருவம் இல்லை, ஆனால் இருக்கிறது, கேட்டால் பதில் தருகிறது. ஓவியத்தில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். "சாதனம்" கூடவே வருவதால் குழப்பம் வராது.

தொகுதிக்கு என் பதிவு:

அருவச் சாதனம்: பின்னால் வன்பொருள் இல்லாமல், வாசித்தலுக்கும் எழுதுதலுக்கும் கருனியே பதில் தரும் சாதனக் கோப்பு. வகைகள்: வெற்றுச் சாதனம், பூச்சியச் சாதனம், நிறை சாதனம், எழுமாற்றுச் சாதனம்.

எழுமாற்று இங்கே பாடசாலைக் கணிதச் சொல். தமிழ்நாட்டு வாசகருக்காகச் "சமவாய்ப்பு" என்பதையும் பக்கத்தில் போடலாம். "நிறை" எடையைக் குறிக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்கு மட்டும் இன்னொரு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கொழும்பு 6இலிருந்து