அழைத்தும் ஏன் வரவில்லை? – ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் பொது மருத்துவமனையும்

காரைக்குடிச் செவிலி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பிறந்து வளர்ந்த நான், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன்; இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கான சர்க்கரை நோய், சிறுநீரக நோய்ச் சிகிச்சையைச் சீர்ப்படுத்த எங்கள் மருத்துவமனை ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, அவர்களுள் மூத்தவர்கள் ஐவரை அழைத்தது. முதல் கூட்டத்துக்கு மூவர் வந்தனர், அடுத்ததற்கு ஒருவர் வந்தார், மூன்றாவது கூட்டத்தில் நாங்களே எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று மேலாளர் குறிப்பெழுதி முடித்துவிட்டார். எனக்கு அது உறுத்துகிறது. திரும்பியதும் குழுவை மீண்டும் கூட்டும் பொறுப்பு என்னுடையது. எங்கிருந்து தொடங்குவது?

தேவகோட்டைக்காரன்:

சகோதரிக்கு வணக்கம். பிரிஸ்பேனில் வசிப்பவன் என்பதால் எழுதுகிறேன். கூட்டம் எந்த இடத்தில் நடந்தது, எதைப் பேசுவது என்று முடிவு செய்தது யார் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. இரண்டுமே மருத்துவமனையின் விருப்பப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இந்நகரின் இனாலா பகுதியில் ஓர் அரசு நலவாழ்வு மையம் இருக்கிறது. சுற்றிலும் பூர்வகுடி மக்கள் நிறைய வாழ்ந்தும், 1990களின் நடுவில் ஓர் ஆண்டில் அங்கே சிகிச்சைக்கு வந்த அவர்களின் எண்ணிக்கை வெறும் 12. பூர்வகுடி மருத்துவரான நோயல் ஹேமன் அங்கு பணியேற்றபின், வராதவர்களிடமே காரணம் கேட்டார்கள். தங்களைச் சேர்ந்த ஊழியர் ஒருவரும் இல்லை, தங்களுடையது என்று சொல்ல ஓர் ஓவியம்கூடச் சுவரில் இல்லை, ஊழியர்கள் முகம் கொடுப்பதில்லை, நேரத்தில் சற்றும் நெகிழ்வதில்லை, குழந்தைகள் ஓடியாடினால் முறைக்கிறார்கள் என்பவையே பதில்கள். மருந்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தபின், 2008 வாக்கில் எண்ணிக்கை 3000ஐத் தாண்டியது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1970 வரையிலான பல பத்தாண்டுகள், அரசும் திருச்சபை அமைப்புகளும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்தன. சில தாய்மார் பிரசவித்த மருத்துவமனையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தனர். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று மூத்தவர்கள். அப்படி ஒருவர் உங்கள் கூட்ட அறைக்கு ஒருமுறை வந்ததே பெரிது.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், கானாடுகாத்தான் பக்கம்:

மகளே, ஆஸ்திரேலியாவை நான் அறியேன். ஆனால் உங்கள் மேலாளர் எழுதிய குறிப்பை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றில் தடுப்பூசி போட நாங்கள் நாள் குறித்தபோதெல்லாம் வீடுகள் பூட்டிக்கிடக்கும். "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்புவேன். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தித் திருவிழாவில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டு, "எங்களக் கேட்டா நாள் வச்சீங்க?" என்றார். கைக்குழந்தைகளோடு குடியிருப்பே அங்கேதான் இருந்தது. அடுத்த முறை நாளை அவரே குறித்தார், நேரத்தை மாலைக்கு மாற்றினார். போன இடத்தில் அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்த பிறகே ஊசிப்பெட்டியைத் திறந்தேன்.

நகர விடுதி:

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் ஓவியம் மாட்டுவதும் மாலையில் போவதும் வரவழைக்கும் வழிகளே, கூட்டாண்மை என்பது வேறு. நம் நகரத்தார் காசியில் சத்திரமும் கடல் கடந்து கிட்டங்கிகளும் (தொழிலுக்கும் தங்குவதற்குமான இடங்கள்) வைத்தார்கள் அல்லவா? வேற்றூரில் எவ்வளவு நல்ல தங்குமிடம் இருந்தாலும், கணக்கும் சாவியும் தங்கள் கையில் உள்ள இடத்தில் தங்கவே விரும்பினார்கள். பூர்வகுடி மக்கள் 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் தாங்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியதும் அத்தகைய எண்ணத்தோடுதான். (நம்மவர்கள் வணிகத்துக்குப் போனவர்கள், அவர்கள் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்கள் என்பதால், இந்த ஒப்புமையை நீட்ட முடியாது.) இன்று அத்தகைய நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. உங்கள் ஊருக்கு அருகே ஒன்று இருந்தால், புதிதாகக் குழு அமைப்பதை விட்டு, அவர்களின் நிர்வாகக் குழு உங்களைச் சந்திக்க விரும்புமா என்று கேளுங்கள்.

2020இல் அங்குள்ள அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் செய்துகொண்ட தேசிய உடன்படிக்கை, முடிவெடுப்பதில் சமபங்கையும் தகவல்களைப் பகிர்வதையும் அரசுகளின் கடமைகளாகவே வைத்திருக்கிறது. மேலாளரிடம் பேச இது உதவும். நேரம் ஒதுக்கும் மூத்தவர்களுக்கு ஊதியம் கேளுங்கள். மருத்துவருக்குக் கொடுத்து அவர்களுக்குத் தேநீர் மட்டும் கொடுப்பது முறையல்ல. கூட்ட நாளில் அங்கே கேதம் ஏதும் நிகழ்ந்திருந்ததா என்றும் விசாரியுங்கள். துக்க நாட்களில் மற்ற அலுவல்களை நிறுத்திவிடுவார்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார்கள். கேத வீட்டுக்காரரைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று நம் ஊரில் யாராவது குறை சொல்வார்களா?

காரைக்குடிச் செவிலி:

மூவருக்கும் நன்றி. நகர விடுதி ஐயா கேட்டதை, அங்குள்ள பூர்வகுடி நலப் பணியாளரான தோழியிடம் நேற்றிரவே தொலைபேசியில் விசாரித்தேன். இரண்டாவது கூட்டத்துக்கு நான்கு நாட்களுக்கு முன் ஒரு மூதாட்டி இறந்திருக்கிறார். அழைக்கப்பட்ட ஐவரில் மூவர் அவருக்கு உறவினர். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குறிப்பிலிருந்து அந்த வரியை நீக்கும்படி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.