தோட்ட மேலாளர் வாங்கித் தரும் கையெழுத்து சம்மதம் ஆகுமா?

கேள்வி: முதுகலை மாணவி, கோத்தகிரி

சமூகப்பணியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக இருக்கும்போது தங்கள் கருத்தை எந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய நினைக்கிறேன். சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தைக் கேட்டுச் செய்த சோதனையைப் பின்பற்றி, கொழுந்துச் சாக்குகளைக் காட்டி எது கனமானது என்று கேட்பேன். முன்பே சொல்லிவைத்த நான்கு பெண்கள் வேண்டுமென்றே தவறான விடையைச் சொல்வார்கள். அனுமதி கேட்கப் போனபோது மேலாளர் அன்பாகப் பேசி, காலை மஸ்டரிலேயே (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடம்) எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். என் நெறியாளர் அது போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற உளவியல் விரிவுரையாளர், உதகை

நீங்கள் ஆராயப் போகும் பணிவு அந்தக் கையெழுத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று சொல்லுங்கள். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளில், முதலில் வெளியான முடிவின்படி 40 ஆண்களில் 26 பேர், ஆய்வாளரின் கட்டளைப்படி, அடுத்த அறையில் இருப்பவருக்கு உண்மையிலேயே மின்னதிர்ச்சி தருவதாக எண்ணிக்கொண்டு 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண்ணை மட்டும்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்களுக்குப் பயன்படுவது மற்ற வடிவங்கள்: கட்டளையிடுபவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் பேசியபோது கடைசிவரை பணிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள், உடனிருந்த இருவர் மறுத்து எழுந்துவிட்டபோது 40 பேரில் நால்வர் மட்டுமே முடிவுவரை சென்றார்கள். மஸ்டரில் மேலாளர் எதிரே நிற்பார், எழுந்து மறுக்க ஒருவரும் இருக்கமாட்டார். அன்றைக்கு எந்த நிரையில் பறிக்கப் போகிறோம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

பதில் 2: நலவாழ்வுக் களப்பணியாளர், கூடலூர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் மருத்துவ, நலவாழ்வு ஆய்வுகளுக்கானவை என்றாலும், உங்கள் நெறியாளரிடம் காட்டலாம். ஊர்த் தலைவரோ நிறுவனத் தலைவரோ தரும் அனுமதி தேவைப்படும் இடங்களிலும், அது தனிமனிதரின் சம்மதத்துக்கு மாற்றாகாது என்பது அவற்றின் நிலைப்பாடு. மேலாளர் உள்ளே போக அனுமதி தரட்டும். சம்மதத்தை மாலையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய், மேஸ்திரி உடன் வராமல், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். யார் மறுத்தார்கள் என்ற பட்டியல் அலுவலகத்துக்குப் போகவே கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த நான்கு பெண்கள். நீங்கள் ஆய்வை முடித்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவீர்கள். அவர்களோ, ஏமாந்தவர்களோடு மறுநாளும் அதே குழாயடியில் நிற்க வேண்டும். இந்த மலையில் இது புதிதல்ல. 1901-02இல் இங்கே தோடர்களிடம் சடங்கு மறைகளைக் கேட்டறிந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸ், விவரம் சொன்னவர்களுக்குப் பிறகு நேர்ந்த துன்பங்களை அவர்கள் தெய்வக் குற்றமாகக் கருதியதைத் தாமே எழுதியிருக்கிறார்.

பதில் 3: ஆய்வு மாணவர், குன்னூர்

கூடலூர் நண்பரோடு சற்று மாறுபடுகிறேன். மறைத்துச் செய்யாமல் ஆஷின் சோதனையே இல்லை. மில்கிராம் பின்னர் அனுப்பிய வினாத்தாளிலும் 84 விழுக்காட்டினர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றே எழுதினார்கள். (கேட்டவரும் அதே ஆய்வாளர்தான் என்பதால் அதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பது வேறு.) ஆனால் உங்களுக்கு அந்த ஏமாற்று தேவையில்லை, ஏனென்றால் சாக்கின் எடை ஆஷின் கேள்வி அல்ல. அவருடைய கோடுகளில் சரியான விடை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் கூட்டம் வேண்டுமென்றே தவறாகச் சொன்ன சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விடைகள் கூட்டத்தோடு சாய்ந்தன. சாக்கைப் பார்த்து எடை சொல்வதோ குத்துமதிப்பு. அங்கே அடுத்தவர் பேச்சைக் கேட்பது அறிவுடைமையாகவும் இருக்கலாம். 1935இல் முசாஃபர் ஷெரிஃப், இருட்டறையில் அசைவதுபோல் தோன்றும் ஒளிப்புள்ளியை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். எனவே முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், பிறகு கூடிப் பேசச் சொல்லுங்கள், மறுபடியும் தனியாகக் கேளுங்கள். யாரையும் பொய் சொல்ல வைக்காமலே மாற்றம் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பலருக்கு எழுத வராது என்பதால், தனியாகக் கேட்கும் இரண்டு முறையும் கறுப்பு, வெள்ளை அவரை விதைகளைத் தந்து மூடிய டப்பாவில் போடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒரே ஆளின் இரண்டு விதைகளையும், பெயர் வெளியே தெரியாமல் இணைத்துப் பார்ப்பதற்கு வழி சொல்ல முடியுமா?