ஜிமெயிலில் 11,000 அஞ்சல்களை நீக்கியும் 15 ஜிபி நிரம்பியே இருக்கிறது: உதவி தேவை

மைக்கூடு:
வணக்கம். மதுரையில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர்கள் படங்களை அனுப்புவதும், நான் புரூஃப் (சரிபார்ப்பு நகல்) அனுப்பி ஒப்புதல் பெறுவதும் 2014 முதல் ஒரே ஜிமெயில் கணக்கில்தான் நடக்கின்றன. சென்ற வாரம் அந்தக் கணக்கின் 15 ஜிபி முழுவதும் நிரம்பிவிட்டது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்த ஒருவர், தாம் அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து கடை விளம்பரங்கள், வேலைவாய்ப்புச் செய்திகள் என ஏறத்தாழ 11,000 அஞ்சல்களை நீக்கினேன். மற்ற பழைய அஞ்சல்களை ஆர்க்கைவ் செய்தேன். இன்பாக்ஸ் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது, ஆனால் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு அசையவே இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கவும் மனமில்லை, ஏனெனில் மூத்த மகளுக்கு அடித்த அதே மாதிரியே இளையவளுக்கும் வேண்டும் என்று ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வருபவர்கள் உண்டு. மாதக் கட்டணம் செலுத்தாமல் இதற்கு வழி இருக்கிறதா?

தேரடி:
உங்கள் உழைப்பெல்லாம் எண்ணிக்கையில் போயிருக்கிறது ஐயா. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எடை. விளம்பர அஞ்சல் ஒன்று 50 கேபி என்று வைத்துக்கொண்டால், 11,000 அஞ்சல்களும் சேர்ந்து அரை ஜிபியைச் சற்றே தாண்டும். அந்த அரை ஜிபிகூட இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது, ஏனெனில் நீக்கியவை 30 நாள்கள் டிராஷ் என்னும் குப்பைக்கூடையில் கிடக்கும், அதுவரை அவையும் கணக்கில் சேரும். ஆர்க்கைவ் செய்வது அஞ்சலை இன்பாக்ஸின் பார்வையிலிருந்து மறைக்கிறதே தவிர, அதனால் ஒரு கேபிகூடக் குறையாது.

ஜிமெயிலைக் கணினியின் உலாவியில் திறந்து, தேடல் பெட்டியின் வலக் கோடியில் உள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு என்ற இடத்தில் 10 எம்பியைவிடப் பெரியது என்று கொடுத்துத் தேடுங்கள். பிறகு 5 எம்பிக்கு இறங்குங்கள். இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டு அஞ்சலுக்குள் செல்வதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. 12 எம்பி பத்திரிகைக் கோப்பு 16 எம்பி ஆகிவிடும். அப்படி ஒன்றை நீக்குவது முந்நூறு விளம்பரங்களை நீக்குவதற்குச் சமம்.

பொதிகை:
தேரடி சொன்னது சரி, ஆனால் நீக்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஜிமெயில் அஞ்சல்களை உரையாடல்களாகக் கோத்து வைப்பதால், தேடலில் கிடைத்த ஒரு பெரிய அஞ்சலைக் குறியிட்டு நீக்கும்போது, அதே தொடரில் உள்ள முன்பணத் தகவல், முகவரி, ஒப்புதல் எல்லாமே சேர்ந்து டிராஷுக்குப் போய்விடும். அமைப்புகளில் உரையாடல் காட்சியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. அடுத்தது, பெரிய அஞ்சல்கள் அனைத்துக்கும் ஒரு லேபிள் இட்டு, நம் தரவைப் பதிவிறக்க உதவும் கூகுள் டேக்அவுட் சேவையில் அந்த லேபிளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்குங்கள். எம்பாக்ஸ் என்னும் வடிவில் வரும் அக்கோப்பைத் தண்டர்பேர்ட் என்னும் கணினி அஞ்சல் மென்பொருளில் ஏற்றினால், இணையம் இல்லாமலே பழைய பத்திரிகைகளைத் தேடி எடுக்கலாம். அது திறக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஜிமெயிலில் எதையும் அழிக்காதீர்கள்.

மைக்கூடு:
பொதிகை அவர்களின் மறுமொழியைப் படிப்பதற்குள் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் ‘அச்சிடலாம்’ என்று ஒப்புதல் எழுதிய அஞ்சலும் தொடரோடு போய்விட்டது. நல்லவேளையாக டிராஷிலிருந்து மீட்டுவிட்டேன். நான் சற்றும் எதிர்பாராத இடம் அனுப்பிய அஞ்சல்கள்தான். ஒரே பத்திரிகைக்கு மாமன் பெயர் விட்டுப்போனது, மண்டபத்தின் பெயரில் ஒற்று மிகுந்தது என்று ஆறு முறை திருத்தி, ஆறு முறையும் முழுக் கோப்பையே அனுப்பியிருக்கிறேன். அவற்றில் கடைசிப் புரூஃபை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கி, டிராஷையும் காலி செய்ததில் 4 ஜிபிக்கு மேல் மிச்சமாயிற்று. கோடு உடனே இறங்கவில்லை, மறுநாள் காலையில்தான் இறங்கியது. திரும்பிப்போன அஞ்சலை அவர் மறுபடி அனுப்பினார், வந்துசேர்ந்தது. இனி நிரம்பாமல் இருக்க என்ன செய்யலாம்?

தேரடி:
பெரிய கோப்புகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பகிரப்பட்ட கோப்பு அதன் உரிமையாளரின் கணக்கில்தான் இடம்பிடிக்கும், உங்கள் கணக்கில் அன்று. ஆனால் நீங்கள் அதை உங்கள் டிரைவுக்கு நகல் எடுத்தால் பழைய கதைதான். இடைப்பட்ட புரூஃபுகளை முழு அச்சுத் தரத்தில் அனுப்ப வேண்டியதே இல்லை, எழுத்துப்பிழை பார்ப்பதற்கு 300 கேபி படமே தாராளம். விளம்பரங்களைப் பொறுத்தவரை, நீங்களாகப் பதிவு செய்த கடைகளுக்கு அனுப்புநர் பெயரருகே உள்ள சந்தா விலகல் பொத்தானை அழுத்துங்கள். 2024 முதல் நாளுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் விளம்பரம் அனுப்புவோர் அந்த வசதியைத் தந்தாக வேண்டும் என்பது கூகுளின் விதி. முன்பின் தெரியாதவர் அனுப்பும் அஞ்சலுக்குள் இருக்கும் விலகல் இணைப்பைத் தொடாமல் ஸ்பேம் என்று குறியிடுவதே பாதுகாப்பு.

மைக்கூடு:
இன்னும் ஒன்று. சேமிப்பகப் பக்கத்தில் வாட்ஸப் காப்பு (பேக்கப்) என்று 2.6 ஜிபி காட்டுகிறது. முன்பு இது கணக்கில் சேராது என்று சொன்னார்களே?

பொதிகை:
முன்பு சேராதுதான். ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸப் காப்பையும் அந்த 15 ஜிபிக்குள் சேர்க்கும் முறை 2024இல் நடைமுறைக்கு வந்தது. வாட்ஸப் அமைப்புகளில் அரட்டைக் காப்பு என்ற பகுதிக்குச் சென்று, வீடியோக்களைச் சேர்க்கும் விருப்பத்தை அணைத்துவிட்டு, ஒருமுறை புதிதாகக் காப்பு எடுங்கள். வேண்டிய வீடியோக்கள் இருந்தால் முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.